பல்லு வந்த வீட்டு வெத்தலை உரல்

பாத்து ஆத்தா, பாத்து. கால்ல பட்டுருச்சா? பையில இரும்பு இருக்கு, அதான். இரு, சன்னல் பக்கமாத் தள்ளி வச்சுக்கிறேன். நீயும் கல்லலுக்குத்தானா? நல்லதாப் போச்சு, உக்காரு. டிரைவரு இப்பத்தான் டீக்கடைப் பக்கம் போனாரு. அவரு டீயைக் குடிச்சு, பேப்பரைப் படிச்சு, ஊரு ஞாயமெல்லாம் பேசிட்டு வாறதுக்குள்ள நம்ம ஒரு கதையே பேசி முடிச்சுரலாம்.

பைக்குள்ள என்னன்னுதானே பாக்குறே? வெத்தலை உரல். பாத்ததில்லையா? பல்லு இல்லாதவுகளுக்கு வெத்தலை, பாக்கு, சுண்ணாம்பு, பொயலை எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு இடிச்சுக் குடுக்குறதுக்கு. எட்டிப் பாரு. குட்டியா இருக்கேன்னு நெனைக்காத, தூக்கிப் பாத்தாத்தான் கனம் தெரியும். பக்கத்துல கெடக்குறது இதோட உலக்கை.

இதை விக்கத்தான் காரைக்குடிக்கு வந்தேன். விக்காமத் திரும்பிப் போறேன். காரணம் யாருங்கிறே? அந்தா, டிரைவர் சீட்டுக்குப் பின்னால, பச்சைக் கரைத் துண்டு போட்டு ஒருத்தவுக உக்காந்துருக்காகளே, அவுகதான். எங்க வீட்டுக்காரவுக. காலையில சேந்துதான் வந்தோம். இப்பச் சேந்து போகல. ஒரே பஸ்ஸுல போறோம், அம்புட்டுத்தான்.

பேரா? பேரைச் சொல்லுற பழக்கம் எனக்கில்ல. வீட்டு முகட்டுல கூடு கட்டுமே ஒரு குருவி, அந்தக் குருவிக்கு முன்னால வருமே, அது. சிட்டா? சிட்டுங்கிறது பொம்பளைப் பேருல்ல. குருவிக்கு இன்னொரு பேரு இருக்கே. ம், அடைக்கலம். நீதான் சொன்னே, நான் சொல்லல.

அவுக தொழிலு மாட்டுத் தரகு. இப்ப விட்டுட்டாக. எந்த மாடானாலும் வாயைப் பொளந்து பல்லைப் பாத்து வயசு சொல்லிருவாக. ஊரு மாட்டுக்கெல்லாம் பல்லுப் பாத்த மனுசன் தன் பல்லைப் பாத்துக்கல. ஒண்ணொண்ணா ஆடி, ஒண்ணொண்ணா விழுந்து, கடைசியில வாயி வெறும் பொக்கையாப் போச்சு. அப்பத்தான் பரண்ல கெடந்த இந்த உரலை எறக்கினேன். எங்க மாமனாருக்கு எங்க மாமியா இடிச்சுக் குடுத்தது. அந்த வீட்டுல ஆம்பளைக்குப் பல்லு போறதும் பொம்பளைக்கு உரல் வாறதும் பரம்பரை.

இடிக்கிறதுன்னா சும்மா டங்கு டங்குன்னு போடுறதில்ல ஆத்தா. மொதல்ல பாக்கு. பாக்கு நல்லா நொறுங்கின பொறகு வெத்தலை, காம்பு கிள்ளி, நரம்பு உரிச்சு. அப்பறம் சுண்ணாம்பு, ஒரு தொடு. எல்லாம் செவந்து வாறப்பக் கடைசியிலதான் பொயலை. முன்னாடியே போட்டா கசந்துரும். அந்தப் பொயலையும் கடைப் பொட்டலம் கெடையாது. கட்டா வாங்கி, நடு நரம்பைக் கிழிச்சு எறிஞ்சுட்டு, கருப்பட்டிப் பாணி தெளிச்சு, நெழல்ல காயப் போட்டு, புளியங்கட்டையில வச்சு மெல்லிசா அரிஞ்சு, பித்தளை டப்பாவுல அடைச்சு வைக்கணும். அதுக்குன்னு ஒரு கத்தி இருக்கு. அதால வெங்காயங்கூட நறுக்க விடமாட்டேன்.

நானா? சேச்சே. எனக்குப் பொயலை பழக்கமெல்லாம் கெடையாது. ருசி பாப்பேன், அவ்வளவுதான். கொழம்பு வைக்கிறவ உப்புப் பாக்க மாட்டாளா? சுண்ணாம்பு கூடிப்போனா பாவம் மனுசனுக்கு வாயி வெந்துரும்ல. ஒவ்வொரு தடவை இடிக்கிறப்பவும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்குல வச்சு ஒதுக்கிக்குவேன். பாத்துட்டுத்தானே குடுக்கணும்.

இப்ப முக்கியமான சங்கதிக்கு வாறேன். அவுக பேச மாட்டாக. வாயில்லாச் சீவனோட பழகிப் பழகி அவுகளும் வாயில்லாச் சீவனாப் போனாக. சந்தையில தரகு எப்படிப் பேசுவாகன்னு தெரியுமா? ரெண்டு பேரு கையிலயும் துண்டைப் போட்டு மூடிக்கிட்டு, உள்ளுக்குள்ள வெரலைப் புடிச்சே வெலை பேசி முடிச்சுருவாக. பக்கத்துல நிக்கிறவனுக்குக் கூடத் தெரியாது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துருச்சு. சோறு வேணும்னா தட்டு சத்தம் கேக்கும். தண்ணி வேணும்னா செம்பு சத்தம் கேக்கும். கல்யாணமாகி வந்த புதுசுல இவுக ஊமையோன்னு எங்கம்மாகிட்டக் கேட்டுருக்கேன். நல்லதுதானடி, ஏச மாட்டாகன்னுச்சு எங்கம்மா.

அப்படிப்பட்டவுக, இந்த உரல் வந்த பொறகு பேச ஆரம்பிச்சாக. நான் இடிப்பேன், அவுக எதுத்தாப்புல குத்த வச்சு உரலையே பாத்துக்கிட்டு உக்காந்துருப்பாக. பசி வந்த புள்ளை அடுப்பைப் பாக்குமே, அப்படி. அந்த டங்கு டங்குக்கு நடுவுல ஒவ்வொண்ணாச் சொல்லுவாக. எந்த மாட்டை யாரு ஏமாத்தி வித்தான், எந்தச் சந்தையில மழை வந்து எல்லாரும் கோயில்ல படுத்துக் கெடந்தோம், எல்லாம். நான் வேணும்னே மெதுவா இடிப்பேன். நுணுக்கமா இருந்தாத்தானே அவுகளுக்கு நல்லதுன்னு.

ஒரு நாளு சொன்னாக பாரு. "ஒன்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப ஒங்க வீட்டு மாட்டைத்தான் மொதல்ல பாத்தேன். மாடு ஆளைக் கண்டு மெரளல. இந்த வீட்டுல அடிக்க மாட்டாக, நல்ல சனம்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்"ன்னாக. எனக்கு உலக்கை ஓடல. இதைச் சொல்லுறதுக்கு அந்த மனுசனுக்குப் பல்லெல்லாம் கொட்ட வேண்டியதா இருந்துச்சு.

இப்படி நல்லாப் போயிக்கிட்டு இருந்த குடும்பத்துலதான் பல்லு வந்து விழுந்துச்சு.

எங்க மகன் சோலைமலை கோயமுத்தூர்ல இருக்கான். அவன் பொண்டாட்டி சோபனா. நல்ல புள்ளைதான், கொறை சொல்லக் கூடாது. ஆனா எதையும் சும்மா இருக்க விடாது. ஆடி மாசம் வந்ததுக, மாமாவைக் கூட்டிக்கிட்டு இதே காரைக்குடியில பல்லு டாக்டர்கிட்டப் போயி, அளவெடுத்து, பல்செட்டு மாட்டிக் கூட்டியாந்துருச்சுக. எனக்குப் பாத்ததும் திக்குன்னு ஆயிப்போச்சு. வீட்டுக்குள்ள யாரோ அசலூருக்காரவுக வந்து சிரிக்கிற மாதிரி இருந்துச்சு. தானமாக் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாதும்பாக. இங்க தானமாக் குடுத்ததே பல்லு. நான் என்னத்தைச் சொல்ல?

அந்த டாக்டரு ஒரு சின்னப் பொம்பளைப் புள்ளையாம். "ஐயா, இனிமே பொயலை போடாதீங்க, ஒடம்புக்கும் ஆகாது, பல்லும் கறை பிடிச்சுரும்"னு சொல்லுச்சாம். அன்னைக்கே விட்டுட்டாக. நான் சொல்லி என்னைக்காவது கேட்டுருப்பாகளா? நான் சொன்னதில்லதான். சொல்லியிருந்தா கேட்டுருக்க மாட்டாக, அதுதான் என் வருத்தம்.

பொயலை நின்னதும் வெத்தலை நின்னுச்சு. வெத்தலை நின்னதும் உரல் நின்னுச்சு. "இனிமே நீ கெடந்து இடிக்க வேண்டாம், கை வலிக்கும்"னு ஒரே ஒரு வார்த்தை சொன்னாக. என் கை வலிக்குதுன்னு நான் எப்பச் சொன்னேன்? சோறு தின்ன ஒடனே துண்டைப் போட்டுக்கிட்டு முக்குக் கடைக்குப் போயிருவாக. அங்க உக்காந்து முறுக்கை நறுக்கு நறுக்குன்னு கடிச்சுக்கிட்டு, போற வாறவுககிட்டயெல்லாம் ஒரே பேச்சாம், சிரிப்பாம். பொக்கை வாயோட ஊருக்குள்ள பேசக் கூச்சப்பட்டாகளாம், இப்பக் கூச்சம் போயிருச்சாம். கடைக்காரப் பொம்பளை என்கிட்டயே வந்து சொல்லுறா, "அக்கா, அண்ணன் இம்புட்டுத் தமாசாப் பேசுவாகன்னு எங்களுக்குத் தெரியாதே"ன்னு. எனக்கே தெரியாதுடின்னு நெனச்சுக்கிட்டேன். அன்னைக்கு எனக்குத் துக்கமாத்தான் இருந்துச்சு ஆத்தா. ஊருக்கெல்லாம் பேச்சு, எனக்கு மட்டும் தட்டு சத்தம்.

ஒரு சாவு வீட்டுக்குப் போனோம். அங்கயும் அந்தப் பல்லு சும்மா இருக்க மாட்டேங்குது, ஒதட்டுக்கு வெளிய வந்து பளிச்சுன்னு நிக்குது. துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கிட்டாக. பாத்தவுகள்லாம் பாவம் மனசு ஒடைஞ்சு அழுகுறாருன்னு தோளைத் தட்டிக் குடுத்துட்டுப் போறாக.

இதுக்கு நடுவுல எனக்கு ஒடம்புக்கு வேற முடியாமப் போச்சு. காலையில எந்திரிச்சா தலைவலி. மத்தியானம் ஆனா கொட்டாவி, கொட்டாவியா வருது. யாரைப் பாத்தாலும் எரிச்சல். வெரல் நடுங்குது. ஆஸ்பத்திரியில மாத்திரை குடுத்தாக, கேக்கல. பூசாரிகிட்டத் துன்னூறு வாங்கிப் பூசினேன், கேக்கல. எல்லாம் அந்தப் பல்லு வந்த நேரம். வீட்டுக்குள்ள அசலான் பல்லு வந்தா கண்ணேறு வராம என்ன செய்யும்? என்னது, பொயலை நின்னதாலயா? நீ ஒருத்தி. பொயலை போட்டது அவுக. தலைவலி வந்தது எனக்கு. அதுக்கும் இதுக்கும் என்ன ஆத்தா சம்பந்தம்?

நானும் சும்மா விடல. ஒரு நாளு வெறும் உரலை எடுத்து வச்சு இடிச்சேன். உள்ள ஒண்ணுமில்ல, வெறும் டங்கு டங்கு. சத்தம் கேட்டாவது வந்து உக்காருவாகன்னுதான். உள்ளேருந்து கேக்குறாக, "என்ன, மொளகு தட்டுறியா"ன்னு. ரோசம் வந்துருச்சு. ஆமா, மொளகுதான் தட்டுறேன்னு சொல்லிட்டு நெசமாவே மொளகும் சீரகமும் பூண்டும் போட்டுத் தட்டி ரசம் வச்சேன். கழுவிட்டுத்தான் தட்டினேன், தண்ணி ஊத்தி அலசினேன். அன்னைக்குன்னு பாத்து மகனும் மருமகளும் தீவாளிக்கு வந்து எறங்கியிருக்குதுக.

ரசத்தைக் குடிச்சுட்டு சோலைமலை கொல்லைக்கு ஓடிட்டான். சோபனா செவுத்தைப் புடிச்சுக்கிட்டு, "அத்தை, வீடு சுத்துது"ங்குது. அவுகளுக்குக் கூட விக்கல் வந்து அந்தப் பல்லு கழண்டு தட்டுல விழுந்துருச்சு. எனக்கு மட்டும் ஒண்ணும் செய்யல. இன்னும் சொல்லப் போனா அன்னைக்குத்தான் தலைவலி விட்டுச்சு. ரெண்டு டம்ளர் குடிச்சேன். நல்ல ரசம், அதுகளுக்குக் குடுத்து வைக்கல.

வாந்தியெல்லாம் நின்ன பொறகு சோபனா அந்த உரலைத் தூக்கிப் பாத்துச்சு. "அத்தை, இது சமையலுக்கு ஆகாது. இதெல்லாம் ஆன்டிக். காரைக்குடியில குடுத்தா வாங்கிக்குவாங்க"ன்னுச்சு. எந்த ஆண்டிக்குடின்னு கேட்டேன். பல்லு இல்லாத ஆண்டி எவனும் கேட்டானான்னு. அது சிரிச்சுக்கிட்டே பழைய சாமானுக்கு அப்படி ஒரு பேராம்னுச்சு. நான் அவுக மொகத்தைப் பாத்தேன். அவுக கண்ணாடியைப் பாத்துப் பல்லைத் தேச்சுக்கிட்டு இருந்தாக. திரும்பாமலே சொன்னாக, "குடுத்துரு"ன்னு.

குடுத்துரு. ஒத்தை வார்த்தை. அதுவும் என் மொகத்தைப் பாத்துச் சொல்லல. மாட்டை விக்கிறப்பக்கூட நாலு தடவை தடவிக் குடுப்பாக. சரி, அப்பறம் எதுக்கு இந்த உரல், எதுக்கு இந்தக் கத்தி, எதுக்கு நான்? "குடுக்குறேன். நீங்களே கூட வந்து தரகு பேசி வித்துக் குடுங்க"ன்னுட்டேன். கோவத்துல சொன்னதுதான். இன்னைக்குக் காலையில பாத்தா வேட்டியைக் கட்டி, துண்டைப் போட்டுத் தயாரா நிக்கிறாக. நான் என்ன செய்ய, பையைத் தூக்கிட்டேன்.

முனீசுவரன் கோயில் பக்கம் பூராம் பழைய சாமான் கடையா இருக்கே, அங்க போனோம். கடைக்காரத் தம்பி சின்ன வயசு. உரலைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, நல்ல உருப்படின்னுச்சு. சொல்லிட்டு, அங்க ஒரு பலகையில வரிசையா வெத்தலை உரலா வச்சிருக்கு, பித்தளையும் இரும்புமா, அதுக நடுவுல கொண்டு போயி நம்ம உரலையும் வச்சுப் பாத்துச்சு. எல்லாத்துலயும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கு. எத்தனை வீட்டுப் பொம்பளை கையோ. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. கடையில தூசி ஜாஸ்தி. முந்தானையில தொடச்சுக்கிட்டுத் திரும்பினா, அவுக என்னையவே பாத்துக்கிட்டு நிக்கிறாக. அந்தப் பல்லு வந்ததுலருந்து மொதத் தடவையா வாயை மூடிக்கிட்டு நின்னாக.

அப்பறம் தரகு. அந்தத் தம்பி கையைப் புடிச்சு, துண்டை எடுத்து மேல போட்டாக. அது கூச்சத்துல நெளியுது. "என்னங்கய்யா இது, வாயால சொல்லுங்களேன்"ங்குது. இவுக விடல. உள்ளுக்குள்ள ரொம்ப நேரம் வெரல் பேசுச்சு. என்ன பேசுனாகன்னு இப்ப வரைக்கும் எனக்குத் தெரியாது. தம்பி மொகம் சுருங்குது, விரியுது, கடைசியில சரின்னு தலையாட்டிருச்சு. வெலை படிஞ்சு போச்சு ஆத்தா. நல்ல வெலையாத்தான் இருந்துருக்கும், தம்பி பெருமூச்சு விட்டுச்சே.

அத்தோட விட வேண்டியதுதானே? இவுக போயி பலகையில இருந்த உரலுக்குள்ளேருந்து உலக்கையை உருவி இடுப்புல சொருகிக்கிட்டாக. தம்பி, "ஐயா, உலக்கை"ங்குது. "உரல் ஒனக்கு. உலக்கை எங்களுக்கு"ன்னாக. "உலக்கை இல்லாம உரலை வச்சுக்கிட்டு நான் என்னய்யா பண்றது?"ன்னு அது கேக்குது. ஞாயந்தானே? அதுக்கு இவுக சொல்லுறாக, "மாட்டை வித்தா கயித்தைக் குடுக்குற வழக்கமில்ல தம்பி. கயித்தோட குடுத்தா வீட்டு லச்சுமி கூடவே போயிரும். எங்க சந்தை மொறை அது"ன்னு.

"ஐயா, இது மாடு இல்லையே"ன்னுச்சு தம்பி.

"அதை நீ சொல்லாத"ன்னாக இவுக.

கடையில நின்ன வெளிநாட்டுக்காரவுக ரெண்டு பேரு என்னமோ கூத்துன்னு போட்டோ புடிக்கிறாக. எனக்கு மானமே போச்சு. எத்தனை வருசம் தரகு பாத்த மனுசன், உலக்கை இல்லாம உரல் விக்காதுன்னு தெரியாதா? கைக்கு வந்த வியாவாரத்தை இப்படியா கெடுக்குறது? தம்பி உரலைத் தூக்கி என் பைக்குள்ள வச்சு, "அம்மா, நீங்க வீட்டுக்குப் போயி ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டு வாங்க"ன்னு கும்புட்டு அனுப்பிருச்சு. பேசணுமாம். எங்க வீட்டுல.

நான் கோவத்துல விறுவிறுன்னு நடந்து வந்து இங்க ஏறி உக்காந்துட்டேன். கொஞ்ச நேரத்துல சன்னல் வழியா உலக்கை பைக்குள்ள விழுந்துச்சு. பின்னாலேயே ஒரு பொட்டலம் மடியில விழுந்துச்சு. இந்தா பாரு, கொழுந்து வெத்தலை, பாக்கு, மடிச்ச சுண்ணாம்பு. பொயலை மட்டும் இல்ல, டாக்டரு புள்ளை சொல்லு வேதவாக்குல்ல. எனக்கு எதுக்கு இதெல்லாம்? என் பல்லு கல்லு மாதிரி இருக்கு. போட்டுட்டு ஒரு வார்த்தை பேசாம முன்னால போயி உக்காந்துட்டாக. என்ன அர்த்தம்னு நீயாவது சொல்லு. எதுக்குச் சிரிக்கிறே? நான் வயிறெரிஞ்சு சொல்லிக்கிட்டு இருக்கேன், நீ சிரிக்கிறே.

இரு, அந்தா என்ன செய்றாக? மொகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு வாய்க்குள்ள கையை விடுறாக. கழட்டிட்டாகடி. பல்லைக் கழட்டிக் கைக்குட்டையில சுத்திச் சட்டைப் பையில வச்சுட்டாக. வலிக்குதோ என்னமோ. காலையிலேருந்து மாட்டியிருந்தா வலிக்காம என்ன செய்யும்.

இந்தப் பையைக் கொஞ்சம் புடி ஆத்தா. ஒண்ணுமில்ல, வெயில்ல வெத்தலை வாடிரும், அதான். கண்டக்டர் பாத்தா பாக்கட்டும், நம்ம என்ன அடுப்பா மூட்டுறோம். காலை நகட்டிக்க. மொதல்ல பாக்கு. இது ஒரு காசுக்குப் பெறாத பாக்கு, ஈரமே போகல. இப்ப வெத்தலை. சுண்ணாம்பு ஒரு தொடு. பொயலை இல்லாம இடிக்கிறது உப்பில்லாக் கொழம்பு மாதிரிதான், கெடக்கட்டும், இனிமே அப்படித்தான். ம், செவந்துருச்சு.

திரும்பிட்டாகளா? நான் நிமிந்து பாக்க மாட்டேன், நீ சொல்லு. எந்திரிச்சுட்டாகளா? இங்கதான் வாறாகளா?

ஆத்தா, கோவிச்சுக்காத. நல்ல புள்ளைல்ல, முன்னால அந்த எடம் இப்பக் காலியாத்தான் இருக்கு, கொஞ்சம் அங்க போயி உக்காந்துக்க. நான் ஒனக்குச் சொன்னது என் பங்குக் கதை மட்டுந்தான். மீதியை அவுக இப்பத்தான் சொல்ல வாறாக. நான் இன்னும் கொஞ்சம் மெதுவா இடிக்கணும்.